புருவச் சுழி

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், செல்போன் கடைக்கு மாடியில் கலைமதியின் பியூட்டி பார்லர் இருக்கிறது. முகத்தில் பேக் போட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிட்டால் பெண்களுக்கு என்னவோ வாய் தானாகத் திறந்துகொள்ளும். எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எந்த மருமகள் தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடுகிறாள், எந்த மாப்பிள்ளையின் தலையில் இருப்பது சொந்த முடியல்ல, எல்லாம் கலைமதிக்கு அத்துபடி. "இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு இலை அசையாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வயது முப்பத்தெட்டு. கட்டையான உருவம், கணீரென்ற குரல். குரலும் பேச்சும் அப்பா ஆண்டிச்சாமியிடமிருந்து வந்தவை என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே பயணிகள், கண்டக்டர்கள், வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் என்று ஒருவர் விடாமல் நலம் விசாரித்து அனுப்புவார். அவர் காலமான பிறகு அம்மா காத்தாயி மகளோடு வந்து தங்கிவிட்டாள். கலைமதியின் கணவன் சிவபிரகாஷ் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவன். கற்றுக்கொள்கிறவர்கள் வண்டியை எந்தச் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும் பதறாதவன்.

தை மாதத்தில் ஒரு நாள் சரண்யா என்ற பெண் கல்யாண மேக்கப்புக்கு டிரையல் பார்க்க வந்தாள். திருச்சியில் வேலை, மாசியில் கல்யாணம். கூடவே அவளுடைய அம்மாவும் வந்திருந்தாள். பருத்திச் சேலை, எண்ணெய் தடவி வாரிய நரைமுடி, மடியில் ஒரு ஒயர் கூடை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"புடவை எடுக்க வா, நகை பாக்க வான்னு கூப்பிட்டா முட்டி வலிம்பாங்க. இங்க வர மட்டும் மொத ஆளா கெளம்பிட்டாங்க. நான் திருச்சியில ஒரு ஆளப் பாத்து வச்சிருந்தேன் அக்கா. ஒங்ககிட்டதான் போகணும்னு இவங்க ஒத்தக் கால்ல நின்னாங்க" என்றாள் சரண்யா.

கலைமதி சிரித்துக்கொண்டே நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்தக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இடது புருவம் தொடங்கும் இடத்தில் நாலைந்து முடிகள் எதிர்த்திசையில் சுழித்துக்கொண்டு மேல்நோக்கி நின்றன. கலைமதிக்கு அதே இடத்தில் அதே சுழி உண்டு. தினமும் காலையில் ஜெல் தடவி அதைப் படிய வைப்பதே ஒரு வேலை. இத்தனை வருடத்தில் எத்தனையோ புருவங்களைத் தொட்டாயிற்று, இப்படி ஒன்றை இன்னொரு முகத்தில் பார்த்ததில்லை.

"எனக்கும் இப்படித்தாம்மா" என்று சொல்லியபடி நிமிர்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி. அதில் சரண்யாவின் முகம், அதற்கு மேலே தன் முகம், பின்னால் சோபாவில் அந்த அம்மாளின் முகம். அவளுடைய நரைத்த புருவத்திலும் சுழி.

அந்த அம்மாள் சட்டென்று எழுந்தாள். "தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று வெளியே போனாள். தண்ணீர் கேன் அவள் பக்கத்திலேயேதான் இருந்தது.

"எந்த ஊரும்மா நீங்க?"

"கொடும்பாளூர்க்கா."

"அம்மா பேரு?"

"அழகம்மாள்."

கலைமதிக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். கொடும்பாளூரில் அழகம்மாள் என்று அவளுக்கு ஒரு சித்தி உண்டு, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. ஏதோ காதுகுத்து விருந்தில் சண்டை வந்து, அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டு உறவு இல்லை. கலைமதிக்கு அவளைப் பார்த்த ஞாபகமே கிடையாது. சித்தி என்றால் ஜாடை இருக்கத்தானே செய்யும்? இந்தச் சமாதானத்தோடு மேக்கப்பை முடித்தாள்.

புறப்படும்போது அழகம்மாள் படிக்கட்டில் நின்று திரும்பினாள். கையை நீட்டிக் கலைமதியின் கன்னத்தைத் தொட்டாள்.

"சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். பதிலுக்கு நிற்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அந்த ஒரு சொல்லில் சமாதானம் எல்லாம் கழன்று விழுந்தது. காத்தாயியின் புருவமோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கும். அக்காளுக்கு இல்லாத சுழி, தங்கைக்கும் அக்காள் மகளுக்கும் எப்படி? அன்று சாயந்தரமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காத்தாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, இன்னிக்குக் கொடும்பாளூர் சித்தி வந்துச்சு."

கத்தி நின்றது. "அவளா வந்தாளா? என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

காத்தாயி உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "ஒன்ன நான் பெக்கல. அவ பெத்தா. நான் வளத்தேன். போதுமா?"

அதற்கு மேல் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் காத்தாயிக்குக் குழந்தை தங்கவில்லை. மாமியார் தன் மகனுக்கு இரண்டாவது பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அப்போது மாசமாக இருந்த தங்கை அழகம்மாள், "இது ஒனக்குக்கா" என்று தன் வயிற்றைத் தொட்டுச் சொன்னாளாம். சொன்னபடியே தந்துவிட்டாள். ஆனால் வாரா வாரம் பிள்ளையைப் பார்க்க பஸ் ஏறி வந்துவிடுவாள்.

"ஒனக்கு ரெண்டு வயசுல காது குத்துனோம். அத்தன பேருக்கு முன்னால நீ அவ மடியில போய் ஏறிக்கிட்டு அவள அம்மாங்குற. எனக்கு உசுரே போயிருச்சு. எங்க திருப்பிக் கேட்டுருவாளோன்னு பயம். குழம்புல உப்பு இல்லன்னு அவ புருஷன் சொன்னாரு, அதயே சாக்கா வச்சு ஒரு ஆட்டம் ஆடிட்டேன். ரோஷக்காரி, அப்பறம் வரவே இல்ல."

"உப்பு இருந்துச்சா இல்லையா?"

"இல்லதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் காத்தாயி. அழுகையா வெங்காயமா என்று தெரியவில்லை.

சிவபிரகாஷ் வேலை முடிந்து வந்ததும் கலைமதி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஷூ லேஸை அவிழ்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா, தெரியும்."

"என்னது, தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே மாமா சொல்லிட்டாரு. கட்டிக்கப் போறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்னாரு. ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு."

மறுநாள் காலையில் பார்லருக்குப் பூ கொண்டுவந்த ஆவூர் இன்னாசியம்மாளிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "அது பழைய கதையில்ல, கலை? மாதா கோயில் தேருக்கு வந்தப்ப ஒங்கப்பாவே சொல்லியிருக்காரே" என்று பூவை முழம் போட்டபடியே சொன்னாள் அந்த அம்மாள். கீழே செல்போன் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்து ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. ஊர் ரகசியத்தையெல்லாம் கையில் வைத்திருந்தவளின் ரகசியத்தை ஊர் வைத்திருந்தது. பெற்றவள் வேறு என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த அவமானத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

யாருடனும் பேசாமல் சில நாள் இருந்தாள். பார்லரில் நூல் இழுபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வந்தவர்கள் பயந்துபோய் ஃபேஷியலைப் பாதியில் முடித்துக்கொண்டு போனார்கள். அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கே ஒன்று தட்டுப்பட்டது. தெரியாமலா இருந்தது? தான் பிறந்த கதையை ஆத்தா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை, வலி எப்போது எடுத்தது, எல்லா அம்மாக்களும் அலுக்காமல் சொல்லும் கதை அது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கலைமதியே எழுந்து போய் அடுப்பைப் பார்த்திருக்கிறாள். மற்றவர் வீட்டுச் சேதியை நோண்டி நோண்டிக் கேட்கிறவள், தன் வீட்டுச் சேதியை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் ஆத்தா தன் ஆத்தா இல்லையென்று ஆகிவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. இதைக் கண்டுகொண்டதும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை எடுத்துக்கொண்டு கொடும்பாளூருக்கு பஸ் ஏறினாள்.

மூவர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மெத்தை வீடு. சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டார். மூத்த மகன், அதாவது அவளுடைய அண்ணன், இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணோடு தூணாக நின்றான். ஒருவரும் பேசவில்லை. அந்த வீட்டில் பேசுகிற வழக்கமே இல்லை போலிருந்தது. சரண்யா மட்டும் விஷயம் புரியாமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த அமைதி தாங்காமல் கலைமதி பேச ஆரம்பித்தாள். வழியில் பஸ்ஸில் நடந்த சண்டை, கோயிலுக்கு வழி கேட்ட வெள்ளைக்காரர், போன வாரம் மணமேடைக்குப் போகும் நேரத்தில் ஒட்டு இமையைத் தும்மித் தொலைத்த மணப்பெண். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சித்தப்பா "அப்பறம்?" என்றார். அந்த "அப்பறம்?" காதில் விழுந்ததும் கலைமதிக்கு, அப்பாவிடம் இப்படியே கதை கேட்டு நிற்பவர்களும் அந்தப் பஸ் ஸ்டாண்ட் கூண்டும் ஞாபகம் வந்தன. இது ஆண்டிச்சாமியின் பேச்சு. கையை ஆட்டுவதுகூட அவர் ஆட்டுவதுதான். ரத்தத்தில் ஒரு சொட்டு இல்லாமலே மனிதர் தன் வாயை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அழகம்மாள் அவளைச் சாப்பிட உள்ளே கூப்பிட்டாள். இலை போட்டுப் பரிமாறும்போது கலைமதி கேட்டேவிட்டாள். "ஏன் சித்தி என்னயக் குடுத்தீங்க?"

"அக்கா அழுதுச்சு."

ரசம் ஊற்றினாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்தப்பறம் நான் அழுதேன். கேக்க எனக்குத் தைரியம் வரல. குடுத்தத எப்படிக் கேக்குறது?" என்றாள். அந்த வீட்டில் அது பெரிய பேச்சு.

வாசல்படியில் நின்று இதைக் கேட்ட சரண்யா, "அப்ப எங்கம்மா என் போன வாங்கி ஒங்க ரீல்ஸா பாத்தது மேக்கப்புக்காக இல்லையா?" என்று கத்தினாள். பிறகு ஓடிவந்து கலைமதியின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, புருவத்தை உற்றுப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று காத்தாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று விடிகாலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காரில் முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான். மண்டபத்து வாசலில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள்.

"மெலிஞ்சு போயிட்டேடி" என்றாள் காத்தாயி.

"நீயும்தான்க்கா" என்றாள் அழகம்மாள்.

இரண்டு பேரும் அந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பந்தி வரைக்கும் விடவில்லை.

தாலி கட்டி முடிந்து குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது, சரண்யாவின் ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்த கலைமதியைப் பார்த்து போட்டோகிராபர், "மேக்கப் அக்கா, கொஞ்சம் அங்கிட்டு நகருங்க" என்றார்.

"அது என் மக. நிக்கட்டும்" என்றாள் அழகம்மாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த ஊர்க்காரர்களே கேட்டதில்லை.

"என் மகடி!" என்றாள் காத்தாயி, பக்கத்திலிருந்தே.

"ரெண்டு பேரும் மொதல்ல கேமராவப் பாருங்க" என்றாள் கலைமதி. போட்டோவில் மூன்று பேருக்குமே மூக்கு சிவந்திருக்கிறது.

இப்போது அழகம்மாள் வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப் பார்லருக்கு வந்துவிடுகிறாள். கலைமதி அவளை இன்றைக்கும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள், காத்தாயியை ஆத்தா என்று. சித்தி வரும் நாளில் ஆத்தாளும் தவறாமல் மாடியேறி வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்வாள். தங்கை பார்க்காமல் போன வருடங்களை அக்காள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள். அம்மை போட்டது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பஸ்ஸுக்கு அடியில் ஒளிந்தது, எல்லாம் வரிசையாக வந்தாயிற்று. அழகம்மாள் முழங்கையை மடியில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அஞ்சாவது படிக்கிறப்ப மச்சுவாடிகிட்ட சைக்கிள்லேந்து விழுந்து முழங்கால் கிழிஞ்சிருச்சு" என்றாள் காத்தாயி போன வாரம்.

"மச்சுவாடி இல்ல ஆத்தா, திலகர் திடல்" என்று திரும்பாமலே சொன்னாள் கலைமதி.

"நீ சும்மா இரு. ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள் காத்தாயி. அழகம்மாளும் அதை ஆமோதித்துத் தலையாட்டினாள்.