கொள்ளைக்காரர் வராத கடல்

சித்தியைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் விடக் கப்பல்தான் சரி என்று முடிவு செய்தவர் மாமா. எண்பதுகளின் தொடக்கம் அது. விமானம் என்றால் ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவானாம், கொடுத்த காசுக்கு என்ன பிரயோஜனம்? கப்பலில் நீச்சல் குளம் உண்டு, தினம் சினிமா உண்டு. திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் எங்கள் தெருவில் யாருமே உல்லாசக் கப்பலில் போனதில்லை என்பதுதான் உண்மையான காரணம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன இடத்திலும், போகிற வருகிறவர்களிடமெல்லாம் மாமா நீச்சல் குளத்தைப் பற்றியே பேசினார். நீந்தத் தெரியாத மனுஷர்.

சித்திக்குப் போக மனசில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கல்யாணமான கையோடு நாகர்கோவிலில் சித்தப்பா வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்தவளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். சித்தப்பா சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய், வந்து சேரும்படி விசா அனுப்பிய நாளிலிருந்து சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. என்னைத் தவிர யாரோடும் பேசவுமில்லை. "கப்பல்னு கேட்டதும் பேடிச்சுப் போயிட்டாளாக்கும், வேறொண்ணுமில்லை" என்று அம்மா தெருவில் சொல்லி வைத்தாள். கப்பலுக்குப் பயம் என்று நானும் அதையே நம்பினேன். பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று, எட்டு வயசுக்காரியான என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். போய் விட்டுவிட்டு மாமாவோடு திரும்பி வர வேண்டியது.

மெட்ராஸில் ஏறினோம். நீச்சல் குளம் எங்கள் தெருக் கிணற்றைவிடக் கொஞ்சம் பெரிது. மாமா அதன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊருக்குப் போய்ச் சொல்வதற்காக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தி சாப்பாட்டு நேரம் தவிர அறையிலேயே படுத்துக் கிடந்தாள்.

நாகப்பட்டினத்தில் ஏறிய ஜவுளி வியாபாரி ஒருவர்தான் சாப்பாட்டு மேஜையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பினாங்கு தாண்டி ஜலசந்திக்குள்ள நுழைஞ்சா உஷாரா இருக்கணும் சார். அங்கங்க தீவு. மோட்டார் படகுல வந்து கொக்கியை வீசி ஏறிடுவானுங்க. போன வருஷம் ஒரு கப்பல்ல இருந்ததையெல்லாம் அள்ளிட்டானுங்க. கேப்டன் வெலவெலத்துப் போயி கப்பலைத் திருப்பிட்டாருன்னா பாத்துக்கங்க!"

சித்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "திருப்பிட்டாரா? ஏறினவாள்லாம் ஊருக்கே போயிட்டாளா?"

"ஆமாம்மா. வந்த எடத்துக்கே."

அன்று சித்தி தயிர்சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடேயப்பா, எவ்வளவு தைரியம் என்று நான் வாயைப் பிளந்தேன். மாமாதான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

அறையில் வந்து பார்த்தால், நேந்திரங்காயை வறுத்து அம்மா கட்டிக் கொடுத்த உப்பேரி டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, நகையையெல்லாம் கழற்றிக் கொடுங்கள் என்றார் மாமா. உப்பேரிக்கு அடியில் ஒளித்துவிட்டால் எந்தக் கொள்ளைக்காரனுக்கும் தெரியாதாம். பசியோடு வருகிற கொள்ளைக்காரனைப் பற்றி மாமா யோசிக்கவில்லை. நான் என் தோட்டைக் கொடுத்தேன். சித்தி வளையல்களைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள், பிறகு நிதானமாகத் தாலிக்கொடியையும் கழற்றி நீட்டினாள்.

"ஐயோ, அதையேண்டி கழட்டறே? அது கழுத்துல கிடக்கட்டும்!"

"அதுவும் தங்கம்தானே, அண்ணா."

மாமா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் வாங்கி டின்னுக்குள் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஓர் உப்பேரிகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய துக்கம். சித்தியோ வெறுங்கழுத்தோடு மேல்தளத்துக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். காலையில் போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் வருவாள். தீவு ஏதாவது தெரிந்தால் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் படகு வரதா பாரு, உனக்குக் கண்ணு நன்னாத் தெரியுமே" என்பாள்.

சிங்கப்பூருக்கு முந்தின நாள் சாயங்காலம் படகு வந்தது. யாரும் மேலே நிற்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி கத்தியது. மாலுமிகள் தண்ணீர்க் குழாய்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மாமா என்னை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா, சித்தி வெளியில இருக்கா."

"வந்துடுவா. நீ மிண்டாம, சத்தம் காட்டாம இரு."

சித்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? மாமா கண்ணை மூடிப் பத்மநாபா என்றபோது தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

மாடிப்படியில் பரிமாறுகிற மலையாளிச் சேட்டன் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பேடிக்கண்டா மோளே. மீன்பிடிக்காராணு. அவர் போயி."

ஒரே ஓட்டமாக மேலே போனேன். சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையெல்லாம் தெறித்த தண்ணீர். சின்னப் படகு ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டித் தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒருவன் கையை ஆட்டினான். சித்தியும் கையைத் தூக்கி ஆட்டினாள். போகச் சொல்கிற மாதிரி இல்லை, இங்கே வா என்கிற மாதிரி இருந்தது.

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்கச் சொன்னேன். "பயப்படாதே சித்தி! அவா மீன்காராளாம். நாளைக்குக் காலம்பற சிங்கப்பூர் வந்துடும். இனிமே ஒருத்தரும் வரமாட்டா."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். டின்னோடு வந்து சேர்ந்த மாமா, பயம் தெளிந்தால் அப்படித்தான் அழுகை வரும் என்றார். பாவம், இத்தனை நாள் எவ்வளவு பயத்தை அடக்கி வைத்திருந்தாளோ என்று நானும் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தபடி, அவள் மனசு ஆறட்டும் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வரமாட்டா சித்தி. நிச்சயமா ஒருத்தரும் வரமாட்டா."