சிவப்பைக் குறைத்தபோது

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் 'சிஐடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகங்களைத் திருத்துகிறவள். படத்தில் இருப்பவர் மனசாரச் சிரித்தாரா, எடுத்தவர் சொன்னாரே என்று சிரித்தாரா என்பதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள்.

சந்தேகப் புத்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய சொந்த அக்கா, "படியில வழுக்கிட்டேன்", "கதவு இடிச்சிடுச்சு" என்று நாலு வருடம் சொன்னதையெல்லாம் அவள் நம்பியிருந்தாள். அத்தான் அடிப்பது தெரிய வந்தபோது அக்காவுக்கு ஒரு காது கேட்காமலே போயிருந்தது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் அவள் அப்படியே விழுங்குவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். அதில் அவர் மனைவியின் படங்கள் பதினொன்று.

"எல்லாத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கணும் மேடம். கல்யாண நாளுக்கு ஆல்பம்."

"கலர்லயே நல்லாத்தானே சார் இருக்கு?"

"கலர் வேண்டாம்." வெடுக்கென்று சொன்னவர் குரலைத் தணித்துக்கொண்டார். "முகம் பளிச்சுனு இருக்கணும். கன்னத்துல எதுவும் தெரியக் கூடாது. அப்புறம், இது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ரசீதில் கேட்டிருந்தபடி தன் நம்பரையும் வீட்டு நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கன்னத்தில் அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது? முதல் படத்தைத் திறந்தாள். கலரில் ஒன்றும் இல்லை. பவுடர் மட்டும் கொஞ்சம் அதிகம்.

சிலர் ஒரே பட்டனைத் தட்டி நிறத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். படம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். இவள் அப்படிச் செய்வதில்லை. திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு குமிழ். சிவப்புக் குமிழை வலப்பக்கம் தள்ளினால் சிவப்பாக இருந்ததெல்லாம் வெளுக்கும்; இடப்பக்கம் தள்ளினால் கறுக்கும். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவள் இடப்பக்கம் தள்ளினாள்.

பவுடருக்கு அடியிலிருந்து அது எழுந்து வந்தது. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், கையை விரித்து அறைந்தது போல ஒரு கறுப்பு. வலப்பக்கம் தள்ளினாள், காணோம். மறுபடி இடப்பக்கம், வந்துவிட்டது.

"கன்னத்துல எதுவும் தெரியக் கூடாது" என்றதற்கு இப்போது அர்த்தம் புரிந்துவிட்டது.

"வேலையைப் பாரும்மா. ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்றார் எட்டிப் பார்த்த முதலாளி. அவள் ரசீதை எடுத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் அந்த மனைவியே வந்து நின்றாள். திரையைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"யாரும் அடிக்கலைங்க. இது பிறந்ததுலேருந்து இருக்கு."

அக்காவும் இப்படித்தானே சொன்னாள் என்று நினைத்துக்கொண்டே, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அவள் இப்போது செய்தாள். பதினொரு படங்களையும் வரிசையாகத் திறந்து, தேதி பார்த்து, ஒவ்வொன்றிலும் சிவப்பைக் குறைத்தாள். ஆறு வருடத்துப் படங்கள். எல்லாவற்றிலும் அதே கறுப்பு, அதே விளிம்பு. எந்த அடியும் ஆறு வருடம் ஒரே இடத்தில் ஒரே உருவில் நிற்காது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள். காது மடல் சூடாகிவிட்டது.

ஆனால் இப்போது சந்தேகம் வந்தவளைப் பிடித்துக்கொண்டது. "இது தெரியக் கூடாதுன்னு அவரா சொன்னார்? அவர் வாயாலயா?"

இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க."

"எனக்கு அது கண்ணுலயே படலைன்னு பத்து வருஷமா சொல்லிட்டிருக்கார்." திரையில் தன் கன்னத்தைக் காட்டினாள். "நான் மறைச்சுக்கிட்டா அது என் இஷ்டம். இவர் ஏன் மறைக்கணும்? நீங்க இப்ப இழுத்துக் காட்டினீங்களே, அது தெரியற மாதிரியே எல்லாத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுங்க."

சனிக்கிழமை அவர் வந்து கவரைப் பிரித்தார்.

"நான் சொன்னது இப்படி இல்லையே."

"உங்க வீட்டம்மா வந்து இப்படித்தான் கேட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவளா? தன் படம் எது கண்ணுல பட்டாலும் அழிச்சிடுவா மேடம். இந்தப் பதினொண்ணும் அவளுக்குத் தெரியாம நான் பத்திரமா வெச்சிருந்தது. பவுடர் போட்டாலும் கலர்ல தெரியுதும்பா. கறுப்பு வெள்ளைன்னா அது தெரியாது, வீட்ல ஒரு படமாவது மாட்ட விடுவான்னு நினைச்சேன்."

அவள் அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். கண், வாய், கவரைப் பிடித்திருந்த விரல்கள், எதிலும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதற்காக நம்பிவிடவும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் மனைவியிடமிருந்து போன். எடுத்த எடுப்பில், "அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

இவள் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

"எங்கிட்டயும் அதேதான் சொன்னார்," என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. "மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்தேன். மாறவே இல்ல."

"எனக்கும் பொய் மாதிரி தெரியலைங்க."

"சரி, நாலாவது படத்தை அதே மாதிரி பெருசா ஒண்ணு போடுங்க. முன் ரூம்ல மாட்டணும்."