நான்கு நானோமீட்டரும் எல்லைக்கோடும்

புது ஃபோனுக்கு உறை வாங்க இன்று இராமநாதபுரம் போயிருந்தேன். ஃபோன் என் வீட்டுக்காரரிடம். விடியற்காலையிலேயே மண்டபத்திலிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டார். இலங்கைக் கடல் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் இருக்க அந்த ஃபோனில் தெரியும் மேப்தான் அவருக்கு ஒரே வழி.

அதை விற்ற கடைக்காரருக்கு இன்றும் அதே பெருமை. “நாலு நானோமீட்டர் சிப்பும்மா! சிப்புக்குள்ள எல்லாம் பொடிசு. கரண்டு கம்மியாத்தான் குடிக்கும்.”

“அதான் பவர் பேங்க் எதுக்குன்னு வீட்டுலயே வச்சுட்டு அவுக கடலுக்குப் போயிட்டாக” என்றேன்.

அவர் முகம் மாறியது. “கடலுக்கா? அங்கன டவரைத் தேடித் தேடியே ஃபோன் சார்ஜைத் தின்னுரும்மா. அதுக்குச் சிப்பு என்ன செய்யும்? ஏரோபிளேன் மோடுல போட்டாலும் மேப்பு ஓடும். அவுககிட்ட சொன்னீகளா?”

சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

கடையிலிருந்தே கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. உறையை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பக்கத்துப் படகுகளில் வயர்லெஸ் இருக்கும். கரையிலிருந்து அந்தப் படகுக்காரர்களோடு பேச முடிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வீட்டுக்காரரிடம் ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள்.

விமானத்தில் ஏறியே இராத மனிதர், கேட்டுச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கரை வந்து சேரட்டும்.