டிக்கிக்கு முன்னால் அருள்நாயகம்

அருள்நாயகம் தன் ஆயுளில் ஒரு நாளாவது பாருக்குள் போய்க் குந்தியதில்லை. அவர் குடித்ததெல்லாம் கார் டிக்கியில்தான். ஹோலுக்குள்ளே கலியாணமோ பிறந்தநாளோ நடக்கும். ஆண்கள் ஒவ்வொருவராக நழுவிப் பார்க்கிங்குக்கு வருவார்கள். டிக்கி திறக்கும். போத்தல், பேப்பர் கப், ஃபொயிலில் சுற்றிய ஆட்டிறைச்சிப் பிரட்டல். ஆறு வருடமாக இதே கூத்து. பிறகு பார்ட்டி இல்லாத நாளிலும் டிக்கி திறந்தது. கடைசியில் வேலைக்குப் போக முதலும் திறந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், மனைவி மக்டலீன் சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

"இனி ஒருக்காக் குடிச்சியளெண்டால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ரெக்ஸ்டேலுக்கு அண்ணை வீட்டை போயிடுவன்."

சொன்னால் செய்கிற மனுசி. அருள்நாயகம் காரை வீட்டில் விட்டுவிட்டு, வீடிருந்த மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே எட்வேட் என்றொரு வெள்ளைக்கார ஆலோசகர். அவர் சொன்னது இதுதான்: குடியின் மணத்தோடு சேர்த்து அதன் சந்தோசத்தையும் மூளை பாடமாக்கி வைத்திருக்கிறது, மணம் வந்தும் குடி வராமல் திரும்பத் திரும்ப ஏமாந்தால் அந்த நினைவின் பிடி தளரும், ஆசையும் இறங்கும். ஆகவே கண்ணாடிக் கிளாசில் விஸ்கி ஊற்றிக் கையில் கொடுப்பார். மூக்கில் வைத்து மணக்கலாம், குடிக்கக் கூடாது. ஆசை பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

மூன்று கிழமையும் அருள்நாயகம் "ரெண்டு" என்றார். அந்த நல்ல மனிதரை ஏன் கவலைப்படுத்துவான் என்கிற மரியாதை! எங்கள் ஆட்களுக்கு இருக்கிற வருத்தத்தை டொக்டரிடம் சொல்லவே கூச்சம். எட்வேட்டும் சந்தோசமாக எழுதிக்கொண்டார்.

நாலாம் கிழமை, அரிசி மூட்டை இறக்கக் கார் டிக்கியைத் திறந்தார். வாய் நிறைய எச்சில் ஊறியது. உள்ளே அரிசியைத் தவிர ஒரு மண்ணும் இல்லை! வந்ததே கோபம் அவருக்கு, தன்மீதும் அந்தக் கண்ணாடிக் கிளாசின்மீதும். அடுத்த நாளே போய், தெரிந்த இங்கிலீசில் எட்வேட்டிடம் வெடித்தார். உங்கள் அறையில் மிஞ்சிப்போனால் நாலு, என் டிக்கிக்கு முன்னால் பத்து, நான் இவ்வளவு நாளும் சொன்னது பொய் என்றார்.

எட்வேட் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அருள்நாயகம் காரிலேயே வந்தார்; கிளினிக் பார்க்கிங்கில், குளிரில், அந்தத் திறந்த டிக்கிக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். பேப்பர் கப், விஸ்கி, பிரட்டல். இரண்டு மாதத்தில் பத்து ஐந்தானது; மக்டலீனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். ஆனால் 'அடி மச்சான்' என்று சொல்ல எட்வேட்டுக்குத் தெரியாதே! மிச்சம் ஐந்தும் இறங்க, அப்படிச் சொல்லுகிற கூட்டாளிகள் வேண்டும். இப்போதைக்கு அவர்கள் பக்கம் போகாதே என்றார் எட்வேட். அருள்நாயகம் கேட்கவில்லை.

வைகாசியில் கூட்டாளி நீக்கிலாசின் மகளுக்குப் புதுநன்மைப் பார்ட்டி, முதன்முதல் நற்கருணை வாங்கிய கொண்டாட்டம். டிக்கி திறந்தது. அருள்நாயகம் தானே போய்க் கப்பை நீட்டி வாங்கி, மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான், சாம்பிராணியே பிடிக்கிறாய்? அடியன்!" என்றான் நீக்கிலாஸ்.

"அடிக்க மாட்டன். மணக்கத்தான் வந்தனான்."

"மனுசிக்குப் பயம்!"

"ஓம், பயம்தான். அதுக்கென்ன இப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். போடா என்று ஒரு மடக்கில் இழுத்துவிடத்தான் அவர் உடம்பு கேட்டது. காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அவரைத் தேடி ஹோல் கதவால் வெளியே வந்த மக்டலீன், அவர் கையிலிருந்த கப்பைக் கண்டாள். முகம் செத்துப்போயிற்று. பிள்ளையைக் கூப்பிட உள்ளே திரும்பினாள்.

"மக்டலீன்!" அருள்நாயகம் கத்தினார். "இஞ்சை வாரும். வந்து என்ர வாயை மணந்து பாரும்!"

கட்டின மனுசியிடம் நாலு பேர் முன்னால் சொல்லுகிற கதையா இது? அவள் காஞ்சிபுரச் சேலையோடு விறுவிறுவென்று வந்து, அத்தனை ஆம்பிளைகளும் பார்த்திருக்க, அவர் வாயருகே மூக்கை வைத்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லை," என்றாள். குரல் உடைந்தது. பிறகு, "ஆசை இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு. நல்லாக் கிடக்கு."

நீக்கிலாஸ் வெட்கப்பட்டு டிக்கியை மூடப் போனான். மக்டலீன் மூடியை ஒரு கையால் தடுத்தாள்.

"மூடாதேங்கோ அண்ணை," என்றாள். "இவருக்கு இறங்குமட்டும் நாங்கள் ரெண்டுபேரும் உதிலைதான் நிப்பம்."