ஸ்டெல்லா அக்காவின் மரியாதைக்கு அஞ்சியவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை டோல்கேட் டீக்கடையில் நின்றிருந்தபோது, ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று கைபேசியில் செய்தி வந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு. பக்கத்தில் சிகரெட்டோடு நின்ற லாரி ஓட்டுநருக்கும் அவரைத் தெரியும். "ஒரு இழுப்பு இழுக்காதவங்களே பூட்டாங்க. அப்புறம் நாம இன்னாத்துக்கு வுடணும்?" என்றார். அடுத்தவர் சாவிலும் தன் பழக்கத்துக்குச் சாட்சி தேடும் மனிதரோடு என்ன பேசுவது? அக்காவாக இருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

திருவொற்றியூரில் துறைமுகத் தொழிலாளர்கள் வந்துபோகும் சிறிய மருத்துவமனையில் அவர் உணவு ஆலோசகர், நான் ரத்தம் பரிசோதிப்பவன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரை 'இனிமையானவர்' என்றார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது கலப்படமில்லாத பொய். ராயபுரத்தில் பீடி, சிகரெட் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக் குடும்பம் அவருடையது. புகைப்பவர்கள் சொல்லும் சாக்குகளை எல்லாம் சிறுவயதிலேயே கேட்டுச் சலித்தவர்.

புகைப்பவர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்திருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். புகை அதைத் தின்றுவிடுகிறது என்பது பாதிக் கதைதான். காலையில் வெறும் டீ, மதியம் பஜ்ஜி, சாயங்காலம் குடி. கீரையும் பழமும் மருந்துக்குக்கூடக் கிடையாது. "புகை ஒரு பக்கம் எரிக்குது, இவனுங்க இன்னொரு பக்கம் நிரப்ப மாட்றானுங்க" என்பார் அக்கா.

அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர் வேறொரு லாரி ஓட்டுநர், கன்டெய்னர் ஓட்டும் தனசேகர். யாரோ ஒரு முகவர் விற்ற வைட்டமின் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, அந்தத் தைரியத்தில் முன்பைவிட அதிகமாக ஊதித் தள்ளினார். அடுத்த பரிசோதனையில் வைட்டமின் அளவு கூடியிருந்தது. பரீட்சையில் முதலிடம் வாங்கியவர் போல் வந்து நின்றார்.

"ஏறிக்கீதுல்ல மேடம்? இனிமே இன்னா பேஜாரு?"

அக்கா டப்பாவைத் திருப்பிப் படித்தார். அதில் பீட்டா கரோட்டின் நிறைய இருந்தது. புகைப்பவர்கள் அதை மாத்திரையாக விழுங்கினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடலாம் என்று சொன்னார். தனசேகர் சிரித்தார். மாத்திரை விற்றவர் கோட்டு போட்டிருந்தாராம், பொய் சொல்ல மாட்டாராம்.

அக்கா திட்டவில்லை. "சரிங்க சார். நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அக்கா 'சார்' போட்டுப் பேசிய ஆட்களை எனக்குத் தெரியும். கேன்டீனில் பழம் வைக்க மறுத்த ஒப்பந்ததாரர் ஒருவர், அந்த மாத்திரை முகவர் இன்னொருவர். இவர்கள் தேறமாட்டார்கள் என்று கைகழுவியவர்களுக்கு மட்டுமே அந்த மரியாதை. தனசேகருக்கும் அது தெரிந்திருந்தது. வாசல்வரை போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"மேடம், சார்னு சொல்லாதீங்க. திட்டுங்க."

திட்டினார். மருத்துவமனை முழுக்கக் கேட்டது. அன்றோடு அவர் சிகரெட்டை விட்டார் என்று எழுத ஆசைதான். அன்று குப்பைக்குப் போனது மாத்திரை டப்பா மட்டும். சிகரெட்டை விட்டார், பிடித்தார், மறுபடி விட்டார். அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கியபோது என் முன்னால் தோள் கொடுத்திருந்தவர் அவர். அவர் மேல் புகை வாடை இல்லை.

இனிமையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய திட்டை. பிழைக்க வேண்டும் என்று அவர் நினைத்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. நேற்று ஒருவர், என்னைவிட மூத்தவர், மாத்திரை அட்டையைக் காட்டி, சிகரெட் பிடிப்பவனுக்கு இது போதுமா என்று கேட்டார். மரியாதையாக அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

"உக்காரு நைனா" என்றேன்.