காயவைத்த படச்சுருள்

கடலில் விழுந்த படகு எஞ்சினை அப்பா காப்பாற்றும் முறை எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். உடனே கழற்ற வேண்டும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும், மண்ணெண்ணெய் பூசி வெயிலில் காயவைக்க வேண்டும். "உப்புக்குப் பொறுமை இல்ல, புள்ள" என்பார். எஞ்சின் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு இடிந்த வீட்டைக் கிளறியபோது அலுமாரிக்கு அடியில் எங்கள் கமரா அகப்பட்டது. பையிலிருந்து தண்ணீரும் மணலும் கொட்டின. அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. தங்கச்சியும் போய்விட்டாள். கமராவுக்குள் இருந்த சுருளில் அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுப் படங்கள் இருந்தன. சீலை குத்துகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவளை, "ஒருக்காச் சிரியன்கா" என்று அம்மா கெஞ்சிக் கெஞ்சி எடுப்பித்த படங்கள். இனி அவள் முகம் வேறு எங்கும் இல்லை.

பள்ளிக்கூட முகாமில் அம்மா அந்தக் கமராவை மடியை விட்டு இறக்கவே இல்லை. டவுனில் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஸ்டூடியோ திறக்கட்டும், கொண்டுபோய்க் கொடுப்போம் என்றேன். அப்பா கேட்கவில்லை. கமராவை வாங்கிக்கொண்டு தலையோடு போர்வைக்குள் புகுந்தார். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். நான் போர்வையின் ஓரங்களை நிலத்தோடு அமத்திப் பிடித்திருந்தேன். கமராவுக்குள் மணல் இறுகிக் கிடந்த பற்சக்கரத்தை மெல்ல மெல்ல அசைத்து, சுருளை அதன் டப்பிக்குள்ளேயே சுற்றி எடுத்துவிட்டார். பிறகு குடிப்பதற்கென்று பவுசர் வண்டியில் வந்த தண்ணீரில் அலசினார். கமராவுக்கு மண்ணெண்ணெய் பூசினார். இரண்டையும் ஒரு தகரத்தின் மேல் வெயிலில் வைத்து, காகம் தூக்கிவிடும் என்று பக்கத்திலேயே குந்தியிருந்தார். அலைக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் உயிர் இருந்தது.

கமரா பிழைத்துக்கொண்டது. பொத்தானை அமத்த, டிக் என்றது. அந்தச் சத்தத்துக்கே அம்மா அழுதாள்.

ஸ்டூடியோ திறந்ததும் நானும் அப்பாவும் போனோம். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இருட்டறைக்குள் போன கடைக்காரர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சுருள் ஒட்டிக் கட்டியாகிவிட்டதாம். பிரிக்கப் போனால் தோலாக உரிகிறதாம்.

"காயவெச்சநீங்களா, மகள்?"

நான் தலையாட்டினேன்.

"நனைஞ்ச பிலிமக் காயவிடப்படாது. தண்ணிக்குள்ளயே வெச்சு அப்பிடியே கொண்டு வந்திருந்தா ரெண்டு மூண்டு படமாவது தேறியிருக்கும்."

வெளியே வந்தேன்.

"என்ன சொல்லுறார்?" என்றார் அப்பா.

"கடல்தண்ணி அண்டைக்கே எல்லாத்தையும் திண்டுட்டுதாம். நாம என்ன செஞ்சிருந்தாலும் வந்திருக்காதாம்."

"ஓம்" என்றார். அம்மாவுக்கும் அதையே சொன்னேன். தங்கச்சியின் ஆண்டுத் திவசத்தில் எல்லா வீடுகளிலும் மாலை போட்ட படங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா கடலைத் திட்டினாள். அப்பா விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். நன்றாகத்தான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

நாட்டில் சண்டை முடிந்த வருடம், கொக்கட்டிச்சோலைத் தேர் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர், மண்முனைத் துறையில் படகேறும்போது கமராவை வாவிக்குள் போட்டுவிட்டார். எஞ்சின் திருத்துகிறவர் இதையும் திருத்துவார் என்று சொட்டச் சொட்ட அப்பாவிடம் கொண்டுவந்தார். உள்ளே முழுச் சுருளும் இருந்தது.

அப்பா அதைத் தொடவில்லை.

"திறக்காத, தம்பி. காயவும் விடாத" என்றார். "தண்ணிக்குள்ள வெச்சு அப்பிடியே ஸ்டூடியோவுக்குக் கொண்டு போ." எங்கள் வாளியில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த ஸ்டூடியோ வாசலுக்கும் கடைக்காரரின் மேசைக்கும் நடுவே அப்படி என்ன பெரிய தூரம் இருந்தது? இத்தனை வருடமும் என் பொய்யை நம்பியவர்போல் இருந்திருக்கிறார்.

வந்தவர் வாளியோடு படலையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாத, புள்ள" என்றார்.