அறுபத்தொரு பெயர்களை ஒட்ட மறுத்தவள்

யிர்லெசா என் தம்பி சத்தூர்னினோவின் மூத்த மகள். அவள் தாய் ஒவீதியா மேலாற்று மொஸ்கேரா குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் எதற்கும் முதல் தடவையே சரி என்று சொன்னதில்லை. கிப்தோ நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கம்ப்யூட்டரைப் படித்தவள் இவள். ஊர் திரும்பியதும் எங்கள் கிராம மன்றத்துக் கம்ப்யூட்டர் அவள் கைக்கு வந்தது.

ஆற்றின் இரு கரையும் எங்களுடையதென்று காட்ட, என்னையும் சேர்த்து அறுபத்தொரு பெரியவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்திருந்தாள். ஆளுக்கொரு ஃபோல்டர். அதன்மேல் ஞானஸ்நானச் சீட்டில் உள்ளபடியே முழுப் பெயர்: தன் பெயர், அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர்.

நில உரிமைக்கு ஆதாரம் கொடுக்கும் கெடுவின் கடைசி நாளன்று அரசாங்க அலுவலர் பெல்ட்ரான் படகில் வந்தார். ஃபோல்டர்களை நகலெடுக்க ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரலும் பென்டிரைவும் கொண்டுவந்திருந்தார். ஓட்டினால், அது என் பெயரையே நான்கு துண்டாக்கித் தேடியது. மரியா: இல்லை. எஃபேமியா: இல்லை. இனெஸ்த்ரோசா: இல்லை. குவெஸ்தா: இல்லை. பென்டிரைவில் ஒரு ஃபோல்டர்கூட ஏறவில்லை.

"இடைவெளி வர்ற இடத்துல பேரு முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்குதும்மா. இடைவெளிய எடுத்துட்டு எல்லாத்தையும் ஒட்டிடுங்க, பத்து நிமிஷ வேலை" என்றார் பெல்ட்ரான்.

"ஒட்டினா அது வேற ஆளு சார். இந்தப் பேர்ல எந்தச் சீட்டும் இல்லையேன்னு நாளைக்கு உங்க வக்கீலே கேப்பாரு. மேலாத்துல அப்படித்தான் கேட்டாங்க. நிலம் போச்சு."

"ஒட்டிக்கட்டும்டி, எனக்கென்ன வலிக்கவா போகுது?" என்றேன்.

"சும்மா இரு அத்தை. அதுல ஒண்ணு உன் அம்மா வழிப் பேரு. ஒட்டச் சொல்ல நீ யாரு?"

"ஆத்துல தண்ணி வடியுது. நான் வெறுங்கையோட போனா உங்களுக்குத்தான் நஷ்டம்."

"கெடு முடிய இன்னும் நேரம் இருக்கு. நாற்காலிய விடுங்க."

ஸ்கிரிப்டைத் திறந்தாள். பெயர்கள் இடைவெளியில் அறுபடாமலிருக்க, பட்டியல் வந்த இடத்தைச் சுற்றி மேற்கோள் குறி போட்டு ஓட்டினாள். மொத்தப் பட்டியலும் ஒரே நீளப் பெயராகிவிட்டது.

பெல்ட்ரான் விழுந்து விழுந்து சிரித்தார். "அறுபத்தொரு பேரும் ஒரே ஆளாயிட்டாங்க!"

"சிரிச்சு முடிச்சாச்சா? தள்ளுங்க."

பட்டியலாகப் படிக்கிற வரியையே அழித்தாள். ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக நேரே எடுக்கச் சொன்னாள். எடுக்கிற இடத்திலும் வைக்கிற இடத்திலும் அந்தந்தப் பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்தாள். ஓட்டினாள். பெயர்கள் முழுசு முழுசாக ஏறின. அறுபத்தொன்று.

பெல்ட்ரான் ரசீதில் 'கோப்புகள் பெறப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார்.

யிர்லெசா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "யார் யாரோடதுன்னு எழுதுங்க. முழுப் பேரு, இடைவெளி விட்டு."

"அம்மா, படகு தரை தட்டிடும்!"

"தட்டட்டும் சார். தேங்காய்ப்பால் மீன் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போலாம். எழுதுங்க."

நாற்பதாவது பெயரில் படகு சேற்றில் உட்கார்ந்தது. படகோட்டி கீழேயிருந்து கத்தினான். பெல்ட்ரான் தலையை நிமிர்த்தாமல் நாற்பத்தொன்றாவதை எழுதினார்.